கடைசி வீட்டின் வாசல் மணி

1903-ஆம் ஆண்டு ஒரு வாசல் மணி அடித்தது. அடித்தது யார் என்பது இன்றுவரை தெரியாது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் 'பாங்கபாக் பேப்பர்ஸ்' என்ற கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது. எழுதியவர் தாமஸ் பெய்லி ஆல்ட்ரிச். பாங்கபாக் என்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர் குடியிருந்த சிற்றூர். தொகுப்பின் ஒரு பகுதியாகத் தன் குறிப்பேட்டிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்குகளைச் சேர்த்திருந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிந்தனைகள், பாதியில் நின்ற யோசனைகள். அவற்றில் ஒரு துணுக்கு மூன்றே வாக்கியம். மூன்றும் வாசகரைக் கற்பனை செய்யச் சொல்பவை. பூமியில் மனிதர் அத்தனை பேரும் துடைத்தெடுக்கப்பட்டு ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். இருப்பது நியூயார்க் போன்றோ லண்டன் போன்றோ ஒரு மாநகரத்தில். தனிமையின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் மணியோசை கேட்கிறது. அவ்வளவுதான். அடுத்த துணுக்கு வேறு ஏதோ பேசப் போய்விடுகிறது.

இதைக் கதை என்று அவர் சொல்லவில்லை. ஒரு கதைக்கான விதையாகத்தான் எழுதி வைத்தார் என்று நினைக்கிறேன். பிறகு விதையே போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மணியோசை ஊர் ஊராக, மொழி மொழியாக நடந்துகொண்டிருக்கிறது. போன இடத்திலெல்லாம் ஒரு சொல்லை இழந்திருக்கிறது, இன்னொன்றைப் பெற்றிருக்கிறது. அது நடந்த வழியைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த மூன்றாம் நாளைப் பற்றி. மேலோட்டமாகப் படித்தால் சும்மா ஓர் எண்ணாகத் தெரியும். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் நாள் அவன் தெருத் தெருவாக ஓடியிருப்பான். இரண்டாம் நாள் தொண்டை கிழியக் கத்தியிருப்பான். மூன்றாம் நாள்தான் காது அமைதிக்குப் பழகத் தொடங்கும், மனசு ஒப்புக்கொள்ளத் தொடங்கும். நம்பிக்கை முற்றிலும் அடங்கிய அந்த வேளை பார்த்து மணி அடிக்கிறது. முதல் நாளே அடித்திருந்தால் ஓடிப்போய்த் திறந்திருப்பான், நமக்கும் பயம் வந்திருக்காது. மாநகரம் என்பதும் அப்படித்தான். பாலைவனத்தில் ஒருவன் தனியாக இருப்பது இயல்பு. லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கும் ஊரில், வந்தது எதுவோ அது இந்த வீட்டைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறது.

ஆல்ட்ரிச் 1836-இல் நியூ ஹாம்ப்ஷையரின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தவர். 1881 முதல் 1890 வரை 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையின் ஆசிரியர். மற்றவர் எழுத்தில் மிகையானதை வெட்டுவதே பிழைப்பாக ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'மார்ஜோரி டா' என்ற 1873-ஆம் ஆண்டுக் கதை, கடைசி வரியில் மொத்தத்தையும் புரட்டிப் போடும் கதை. முடிவுக்குப் பெயர்போன ஒருவர் இந்த மணிக்கு மட்டும் முடிவு எழுதாமல் விட்டார்.

புத்தகம் வெளிவந்த காலத்தில் அவருடைய இரட்டை மகன்களில் ஒருவர் காசநோயோடு சாரனாக் லேக் என்ற மலையூரில் சிகிச்சையில் இருந்தார். மறு ஆண்டு, 1904-இல், இறந்துபோனார். இதையும் அந்த மூன்று வாக்கியங்களையும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் நோயாளி இருக்கும் வீட்டில் வாசல் மணி அடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு அடிவயிற்றில் என்ன நடக்கும் என்பது, அப்படிக் காத்திருந்த எவருக்கும் தெரியும். 1907-இல் ஆல்ட்ரிச்சும் போய்விட்டார்.

உலகத்தின் கடைசி மனிதன் என்ற கருத்து அவர் கண்டுபிடித்ததல்ல. மேரி ஷெல்லி 1826-இலேயே 'தி லாஸ்ட் மேன்' என்று ஒரு நாவல் எழுதிவிட்டார். கொள்ளைநோய் மனித குலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, இருபத்தோராம் நூற்றாண்டின் முடிவில் ஒருவனை மட்டும் மிச்சம் வைக்கிறது. அதற்கு ஷெல்லிக்கு மூன்று தொகுதிகள் வேண்டியிருந்தன. ஆல்ட்ரிச் அந்த மூன்று தொகுதிகளையும் முதல் வாக்கியத்தில் முடித்துவிட்டு, ஷெல்லி நிறுத்திய இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தார். சின்னஞ்சிறு கற்பனைக் கதையின் சூட்சுமம் அந்த ஓர் அடியில்தான் இருக்கிறது. உலகம் எப்படி அழிந்தது என்று விளக்க உட்கார்ந்தால் இருக்கும் கொஞ்சம் சொல்லும் அதற்கே போய்விடும்.

ஆல்ட்ரிச்சின் புத்தகம் வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த விதை ஒரு பிழைதிருத்துநர் கையில் வந்து சேர்ந்தது. ஃப்ரெட்ரிக் பிரவுன், 1906-இல் சின்சினாட்டியில் பிறந்தவர், மில்வாக்கியில் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்துக்கொண்டே துப்பறியும் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் எழுதியவர். 'த்ரில்லிங் வொண்டர் ஸ்டோரீஸ்' என்ற மலிவுப் பத்திரிகையின் 1948 டிசம்பர் இதழில் அவருடைய 'நாக்' என்ற கதை வந்தது. கதவைத் தட்டும் ஒலிதான் தலைப்பு. ஆல்ட்ரிச்சின் மூன்று வாக்கியங்களை இரண்டாக்கி அதன் தொடக்கத்தில் வைத்தார்.

என்ன செய்தார் என்று பாருங்கள். மாநகரம் போய்விட்டது. மூன்றாம் நாள் போய்விட்டது. வீடு ஓர் அறையாகச் சுருங்கியது. மனிதர் அனைவரும் துடைத்தெடுக்கப்பட்ட செய்திக்குத் தனி வாக்கியமே இல்லை, 'பூமியின் கடைசி' என்ற அடைமொழிக்குள் அது ஒளிந்துகொண்டது. மணி போய், கதவில் தட்டும் ஒலி வந்தது. இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆல்ட்ரிச் காலத்து வீடுகளில் வெளியே ஒரு பிடியை இழுத்தால் உள்ளே கம்பியில் கட்டிய மணி குலுங்கும் வகை உண்டு, மின்சார மணியும் வந்துவிட்டிருந்தது. மின்சார மணி என்றால், ஆள் இல்லாத ஊரில் நான்காம் நாள் அதற்கு மின்சாரம் ஏது என்று விவரமான வாசகர் கேட்பார். இழுக்கும் மணி என்றால் பிடியை இழுக்கத் தெரிந்த ஒன்று வந்திருக்கிறது என்றாகிவிடும், அதுவே பாதி விடை. தட்டுவதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கை வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றில் அசையும் கிளையும் தட்டும். பயத்துக்கு இடம் இங்கே அதிகம்.

அந்த இரண்டு வாக்கியத்தோடு அவர் ஏன் நிறுத்திக்கொள்ளவில்லை? மலிவுப் பத்திரிகைகள் சொல்லுக்கு ஒரு சென்ட், இரண்டு சென்ட் என்று கணக்குப் போட்டுக் கூலி கொடுத்தவை. இரண்டு வாக்கியத்தை அப்படியே விற்றால் அரை டாலர்கூடத் தேறாது. எழுதிப் பிழைத்த மனிதர் அவர். ஆனால் கூலி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்ன கையோடு, பயமெல்லாம் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் இருக்கிறது என்று கதைக்குள்ளேயே பேசிவிட்டு, விட்ட இடத்தைத் தானே நிரப்பப் போகிறார். அது ஒரு கைதேர்ந்த தொழிலாளி தனக்குத் தானே விட்டுக்கொண்ட சவால்.

அவர் நிரப்பிய கதையில், வேற்றுலகத்து உயிர்கள் சில வந்து பூமியின் உயிரினங்களை அழித்துவிட்டன. மிருகக்காட்சிசாலைக்கு ஜோடி பிடிப்பதுபோல் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சில விலங்குகளையும் மட்டும் விட்டு வைத்திருக்கின்றன. கடைசி 'மனிதன்' என்ற சொல்லில் இருந்த மாயம் இங்கே வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மனிதன் என்றும் பொருள், ஆண் என்றும் பொருள். கடைசி ஆண் இருக்கிறான் என்றால் கடைசிப் பெண் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? அந்த வேற்றுயிர்களுக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியாது. விலங்குகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும்போது திகைக்கின்றன. விலங்குகளுக்கு அன்பு வேண்டும், தடவிக் கொடுங்கள் என்று கடைசி மனிதன் யோசனை சொல்கிறான். பாம்பையும் தடவிக் கொடுக்கின்றன. சாவு தங்களையும் தொடும் உலகம் இது என்று கண்டதும் கப்பலேறி ஓடிவிடுகின்றன.

நல்ல கதைதான், நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனாலும் அந்த முழுக்கதையை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்களைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரவுன் கதவைத் திறந்து காட்டினார். வாசகர்கள் மறுபடி அதைச் சாத்தி வைத்துக்கொண்டார்கள்.

1950-இல் என்.பி.சி. வானொலியின் 'டைமென்ஷன் எக்ஸ்' தொடரிலும், 1955-இல் 'எக்ஸ் மைனஸ் ஒன்' தொடரிலும் அந்தக் கதை நாடகமானது. தாளில் இருந்தவரை அந்த ஒலியை யாரும் கேட்டதில்லை, அவரவர் தலைக்குள் அவரவர் கதவு. வானொலியில் ஒரு மரப்பலகையை உண்மையாகவே ஒருவர் தட்டினார். இரவில் விளக்கணைத்துவிட்டு ரேடியோ கேட்ட வீடுகளில் எத்தனை பேர் தங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்!

அதே விதை தெற்கே இன்னொரு திசையிலும் போயிருக்கிறது. அர்ஜென்டினா எழுத்தாளர்களான போர்ஹெஸ், பியாய் காஸாரெஸ், சில்வினா ஒகாம்போ மூவரும் சேர்ந்து ப்யூனஸ் அயர்ஸில் ஒரு மாயக்கதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 1940-இல் முதலில் வந்து, 1965-இல் விரிவுபெற்ற தொகுப்பு. அதில் ஆல்ட்ரிச் பெயரிலேயே ஸ்பானிய மொழியில் ஒரு குட்டிக்கதை இருக்கிறது. அங்கே ஆண் பெண்ணாகிவிட்டான். மாநகரம் இல்லை, அவளுடைய வீடு மட்டும். மனிதர்கள் மட்டுமல்ல, மற்ற உயிர்கள் அத்தனையும் இறந்துவிட்டன. மணிக்குப் பதில் அங்கேயும் கதவுதான் தட்டப்படுகிறது.

உயிர்கள் அத்தனையும் என்ற அந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்ட்ரிச்சின் உலகில் மனிதர்கள்தான் இல்லை. நாய் இருக்கலாம், பூனை இருக்கலாம், மணிக் கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கலாம். ஸ்பானியக் கதை அந்தச் சந்து பொந்துகளை எல்லாம் அடைத்துவிட்டது. இன்னொன்று, ஸ்பானிய இலக்கணம் செய்த உதவி. அந்த மொழியில் எழுவாய் இல்லாமல் பன்மை வினையை மட்டும் போட்டுவிடலாம். நாம் 'கூப்பிடுகிறார்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதுபோல. தட்டியது ஒன்றா, பலவா, எது என்பதெல்லாம் அந்த வினைக்குள் மறைந்துவிடும். ஆங்கிலம் அதையே ஒரு பெயர்ச்சொல்லை வைத்துச் சாதித்தது. கேள்விக்குறியை எங்கே ஒளித்து வைப்பது என்பதை ஒவ்வொரு மொழியும் தன் இலக்கணத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது.

1950-களின் பிற்பாதியில் ரான் ஸ்மித் என்பவர் பிரவுனின் இரண்டு வாக்கியங்களில் ஒரே ஒரு சொல்லில் கை வைத்தார். தட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து எழுத்து. அதன் முன்பக்கம் இரண்டெழுத்தை எடுத்துவிட்டு வேறோர் எழுத்தை வைத்தால் நான்கெழுத்தில் பூட்டு வந்துவிடும். கதவில் தட்டும் ஒலி இருந்த இடத்தில் இப்போது பூட்டு. உலகிலேயே மிகச் சிறிய திகில் கதையைவிட ஓர் எழுத்து சிறிய திகில் கதை என்ற பொருளில் நீண்ட தலைப்பும் வைத்தார். தலைப்பு கிட்டத்தட்டக் கதையளவு நீளம். ஆனால் பயம் இடம் மாறிவிட்டது. பிரவுனிடம் வெளியே இருப்பது எது என்று பயந்தோம். ஸ்மித்திடம் உள்ளே இருப்பவனைப் பற்றிப் பயப்படுகிறோம். ஆளே இல்லாத உலகில் ஒருவன் யாருக்காகக் கதவைப் பூட்டிக்கொள்கிறான்? அல்லது அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனது யார்?

பிறகு வந்தவை போட்டிகளும் விதிகளும். 1982-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானக் கதையாசிரியர் பிரையன் ஆல்டிஸ், டெலிகிராஃப் ஞாயிறு இதழோடு சேர்ந்து 'மினி சாகா' என்ற வடிவத்தை அறிமுகப்படுத்தினார். சரியாக 50 சொல், ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தலைப்புக்குத் தனியாக 15 சொல் வரை சலுகை. 1987-இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஸ்டீவ் மாஸ் தன் வாரப் பத்திரிகையில் 55 சொல் போட்டி தொடங்கினார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து விஞ்ஞானக் கதை ரசிகர்கள் 100 சொல்லில் 'டிராபிள்' எழுதினார்கள். அந்தப் பெயர் மான்டி பைத்தான் குழு 1971-இல் வெளியிட்ட ஒரு நகைச்சுவைப் புத்தகத்திலிருந்து வந்தது. முதலில் நாவல் எழுதி முடிப்பவர் ஜெயிப்பார் என்பது அதில் சொல்லப்பட்ட விளையாட்டு. நாவல் முடியாது, நூறு சொல்லாவது எழுதுவோம் என்று ரசிகர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள். 1988-இல் அவை தொகுப்பாகவும் வந்தன. 2006-இல் 'வயர்டு' இதழ் எழுத்தாளர்களிடம் ஆறே சொல்லில் கதை கேட்டது.

சொல் எண்ணிக்கை ஒரு வேலி, அவ்வளவுதான். வேலி கட்டினால் பயிர் வந்துவிடாது. இதை நான் பாளையங்கோட்டையில் எங்கள் வாசகர் கூட்டத்தில் கண்ணாரக் கண்டேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். 'என்ன எழுதினாலும் சரி, 50 சொல்' என்று சொன்ன மாதங்களில் வந்தவை நீளமான கதைகளின் சுருக்கங்கள், ஆற்றுப்படுகை சுருங்கி வாய்க்கால் ஆனதுபோல. ஒரு பொருளைக் கையில் கொடுத்த மாதங்களில்தான் கதை வந்தது. பொருள் என்றால் 'எதிர்காலம்', 'மனிதநேயம்' போன்ற பெரிய சொல் உதவாது. கதவு, குடம், தராசு, கடைசிப் பேருந்து போல, கையால் தொடக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். பொதுவான பொருள் கிடைத்தால் எழுதுபவர் கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். தொடக்கூடிய பொருள் கிடைத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

அப்படி ஒரு மாதம் 'கதவு' என்று கொடுத்தேன். ஆல்ட்ரிச்சிலிருந்து ஸ்மித் வரை மேலே எழுதிய கதையை முதலில் சொன்னேன். ஒரு மணி நேரம், 50 சொல்லுக்குள், வந்தது எது என்று சொல்லக் கூடாது. இவ்வளவுதான் விதி. 11 பேர் எழுதினார்கள். ஏழு பேர் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே இயந்திர மனிதன் நின்றான், எமன் நின்றான், இறந்துபோன மனைவி நின்றாள், இரண்டு பேரிடம் அவனே நின்றான். சொல்லக் கூடாது என்று விதி இருந்தும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். பிரவுனாலேயே முடியவில்லையே.

ஆனால் பாதிப் பழி தமிழ் மேல் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நம் வினைமுற்று எதையும் மறைக்காது. 'தட்டினான்' என்றால் ஆண், கதை முடிந்தது. 'தட்டினாள்' என்றால் பெண், கதை வேறாகிவிட்டது. 'தட்டியது' என்றால் மனிதர் இல்லை என்று எழுத்தாளரே காட்டிக்கொடுத்துவிட்டார். 'யாரோ தட்டினார்கள்' என்றால் வந்தது மனிதர்தான் என்று உறுதியாகிறது. யாரோ என்பது உயர்திணைக்கு, எதுவோ என்பது அஃறிணைக்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்க நம் மொழியில் நாற்காலி இல்லை. அதனால்தான் 'தட்டும் சத்தம் கேட்டது' என்று சுற்றிக்கொண்டு வருகிறோம். அங்கே எழுவாய் சத்தம், வினையும் சத்தத்துக்கே உரியது. தட்டியதன் அடையாளம் தப்பித்துவிட்டது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோது ஆல்ட்ரிச்சின் பழைய மணி நினைவுக்கு வந்தது. 'மணி அடித்தது'. தமிழில் மணி தானே அடிக்கும், அடித்தவர் வாக்கியத்துக்குள் வரவே வேண்டாம். பிரவுன் கழற்றி எறிந்த மணி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் பொருந்துகிறது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். எழுத்தை எண்ணும்போது இன்றும் கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே போகும், அச்சைத் தட்டில் கோப்பதுபோல. ரான் ஸ்மித் செய்த வித்தையைத் தமிழில் செய்ய முடியுமா என்று கேட்டேன். 'கதவில் ஒரு தட்டு' என்று எழுதினோம். சாப்பாட்டுத் தட்டு என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். பிறகு தட்டு இருந்த இடத்தில் பூட்டைப் போட்டோம். அவர் விரலில் எண்ணினார்.

"த, ட், டு. பூ, ட், டு. ரெண்டும் மூணு எழுத்துதான் தம்பி. ஒண்ணும் குறையலையே."

உண்மைதான். எழுத்து மாறியதே தவிரக் குறையவில்லை. தலைப்பு பொய்யாகிவிடும். விட்டுவிட்டு அடுத்தவர் கதைக்குப் போய்விட்டோம். கால் மணி நேரம் கழித்து அவர் கையைத் தூக்கினார். ஒரு துண்டுத் தாளை நீட்டினார். 'கதவில் ஒரு தாழ்' என்று எழுதியிருந்தது.

தா, ழ். இரண்டெழுத்து. தட்டைவிட ஒன்று குறைவு. தாழ்ப்பாளைத் தாழ் என்று சொல்வது இன்னும் வழக்கில் இருக்கிறது, 'தாழ் போட்டியா?' என்று வீட்டில் கேட்கிறோம். சரியானது எழுத்துக் கணக்கு மட்டுமல்ல. பூட்டு கதவின் எந்தப் பக்கமும் தொங்கலாம், வெளியே பூட்டினார்களா உள்ளே பூட்டிக்கொண்டானா என்ற சந்தேகம் இருக்கும். வீட்டுக்குள் இருப்பவன் போடும் தாழ் உள்பக்கம்தான் இருக்கும். அவனே எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். யாருமில்லாத உலகில், தன் கையால். ஸ்மித்தின் இரண்டு பயங்களில் ஒன்றை அந்தச் சொல் எடுத்துவிட்டு, மற்றதை இரட்டிப்பாக்கிவிட்டது. அந்தத் துண்டுத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சொல்லை எப்படி எண்ணுவது என்பதில் எப்போதும் ஒரு சண்டை உண்டு. 'தட்டிக்கொண்டேயிருந்தது' ஒரு சொல்லா, மூன்று சொல்லா? சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் கூடும். ஆங்கிலத்தில் ஐம்பது சொல்லில் சொல்வதைத் தமிழில் முப்பத்தைந்தில் சொல்லிவிடலாம், உருபுகள் எல்லாம் பெயரோடும் வினையோடும் ஒட்டிக்கொள்வதால். அப்படியானால் 50 சொல் என்ற விதி நமக்குத் தாராளம். அடுத்த முறை 30 என்று குறைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அன்றைக்கு வந்த கதைகளில் ஒரு பள்ளி ஆசிரியை எழுதியது 48 சொல். உலகமெங்கும் ஒரு கிருமி பரவி எல்லாரும் மாண்டுபோகிறார்கள். ஒரே ஒருத்தி மிஞ்சுகிறாள். வழக்கத்தை விட முடியாமல் வாசலில் கோலம் போடுகிறாள். ஒருநாள் காலையில் பார்த்தால் கோலத்தில் ஒரு புள்ளி கூடியிருக்கிறது.

எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மணி அடித்து, கதவு தட்டி, பூட்டு விழுந்து, நூறு ஆண்டு கழித்து அந்த ஓசை எங்கள் ஊர் வாசலில் ஓசையே இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் வாய் திறந்தது அம்மாவோடு வந்திருந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி.

"டீச்சர், அது எறும்பா இருந்தா? மாவை இழுத்துட்டு வந்து பக்கத்துல போட்டிருக்கும்லா?"

ஆசிரியை சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துக்கொண்டு யோசித்தார். அந்தச் சிறுமி கேட்டது ப்யூனஸ் அயர்ஸில் எப்போதோ ஒருவர் கேட்டிருக்க வேண்டிய அதே கேள்வி. மனிதர்கள் மட்டும் இல்லையா, எல்லா உயிருமா? "எறும்பும் இல்லைனு சொல்லணும்" என்றார் ஆசிரியை, தனக்குத் தானே சொல்வதுபோல. அரிசிமாவுக் கோலத்தை எறும்பு விட்டு வைக்காது. காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் வரிசை கட்டி வந்து கோட்டை அரித்துவிடும், எறும்புக்குப் போடும் அன்னம் என்றே அதைச் சொல்வார்கள். அப்படியானால் எறும்பு வராத கோலம் என்றால்?

அவர் தாளில் பாதியை அடித்தார். கிருமி போயிற்று. மாண்டவர்கள் போனார்கள். மிஞ்சியவள் என்ற சொல்லும் போயிற்று. அடித்து எழுதி அரை மணி நேரத்தில் படித்துக் காட்டியது இது:

மூன்று நாளாகியும் அரிசிமாவுக் கோலத்தை எறும்பு தொடவில்லை. நான்காம் நாள் காலை கதவைத் திறந்தாள். கோலத்தில் ஒரு புள்ளி கூடியிருந்தது.

15 சொல். உலகம் அழிந்ததாக ஒரு சொல்கூட இல்லை, எறும்பு தொடாத கோலம் அதைச் சொல்லிவிட்டது. கதவும் திறந்துவிட்டது, ஆனாலும் எதுவும் வெளிப்படவில்லை. ஆல்ட்ரிச்சின் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவரை அறியாமலே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

கம்பாசிட்டர் பெரியவருக்குக் கடைசி வினையில் ஒரு சந்தேகம். "கூடியிருந்ததா, வைக்கப்பட்டிருந்ததா?" என்று கேட்டார். வைக்கப்பட்டிருந்தது என்றால் வைத்த கை ஒன்று உண்டு என்றாகிவிடும். ஆசிரியை மறுத்துவிட்டார். புள்ளிதான் எழுவாய், புள்ளிதான் கூடியது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

சிறுமி இன்னும் விடவில்லை. "எந்த இடத்துல டீச்சர் அந்தப் புள்ளி?"

ஆசிரியை தாளைத் திருப்பி, வாசற்படிக்கு ஒரு கோடு இழுத்தார். அதற்கு எதிரே ஐந்து புள்ளி, ஐந்து வரிசை வைத்தார். கீழே தெரு என்று எழுதினார். பேனாவைத் தெருப் பக்கம் கொண்டுபோனார், நிறுத்தினார். பிறகு மேலே கொண்டுவந்து, கோலத்துக்கும் படிக்கும் நடுவில் வைத்தார்.